பாதி மழை

அஞ்சரைக்குக் கம்பத்தில் ஏறினால்
மேட்டுக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டத்தில்
எட்டு மணிக்குக் காயில் கை வைத்துவிடலாம்.
ஒரு ஜீப்பில் பதினாறு பேர்.
மடியில் தூக்குவாளி,
தூக்குவாளி மேல் தூக்கம்.

மொக்கராசு வண்டியில் பாட்டுக் கிடையாது.
ஆனி மாதத்திலிருந்து ஓர் ஆள் பேசுகிறார்.
மேகக் கணக்கு என்று பேர்.
அம்பத்தூரில் ஏதோ அறையில் உட்கார்ந்து
எங்கள் மலை மேகங்களைப் பற்றி
அவசரமே இல்லாத குரலில்.
நடுவில் அவர் வீட்டுக் குக்கர் விசிலடிக்கும்.
"மன்னிக்கணும், பருப்பு" என்பார்.

"ரேடியோவா?" என்றாள் ஒச்சம்மாள்.
"ரேடியோ நமக்காக நிக்காதுக்கா.
இது விட்ட எடத்துலயே நிக்கும்.
பாட்காஸ்ட்டு."
"என்ன காஸ்ட்டு?"
வண்டியே சிரித்தது.
"அதை இதுல கேக்க மாட்டாங்கக்கா" என்றான்.

ஏழாவது வளைவில்
நம் ஊர் டவர் கையை விட்டுவிடும்,
அந்த ஊர் டவர் இன்னும் கை நீட்டியிருக்காது.
அன்றைக்கு அங்கேதான்
"நாளை மதியத்துக்கு மேல் வண்டன்மேட்டில் மழை"
என்பதோடு அறுந்தது.

தமிழில் எல்லாம் கடைசியில்தான் இருக்கிறது.
பெய்யும் என்று முடித்திருக்கலாம்.
பெய்யாது என்றும்.
பெய்தாலும் பெய்யும் என்று நழுவியுமிருக்கலாம்.
அந்தப் பாதி மழையைச்
சாயங்காலம் வரை சுமந்தோம்,
குனிந்து சரம் விலக்கிக் காய் எடுத்தபடி.
பவுன்தாய் பெய்யும் கட்சி.
ஜக்கம்மா பெய்யாது கட்சி.
நான் வினைச்சொல்லைத் தேடிப்
பாறை மேல் ஏறி போனைத் தூக்கிப் பிடித்தேன்.
வந்தது,
மலையாளத்தில் ஒரு வரவேற்புச் செய்தி.

மறுநாள் தூறியது.
இரண்டு கட்சியும் ஜெயித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

ரீசார்ஜ் கடை அன்வர்தீன் சொன்னார்:
"சந்தா போட்டு வச்சிருங்க, ராத்திரியே தானா எறங்கிக்கும்."
சந்தா என்றதும்
குழு நோட்டும் திங்கட்கிழமை வசூலும்
வயிற்றைக் கலக்கின.
இல்லையாம்.
ஒரு கூட்டல் குறி. தொட்டால் சரி குறி.
பணம் கேட்கவில்லை, ரேஷன் கார்டு கேட்கவில்லை,
ஜாமீனுக்கு ஆள் கேட்கவில்லை.
அதனாலேயே பயமாக இருந்தது.
இரண்டு முறை தொட்டு, இரண்டு முறை எடுத்து,
மூன்றாவது முறை
விட்டுவிட்டேன்.

மொக்கராசை நான் தினமும் கூப்பிடுவதில்லை.
போன வருசம் ஆவணியில் ஒருமுறை பேர் கொடுத்தேன்.
அதிலிருந்து அவனே வருகிறான்.
தெருமுக்கில் நின்று இரண்டு ஹாரன்.
இதுவும் அப்படித்தான் போல,
பன்னிரண்டு மணிக்குப் புது டேட்டா வந்ததும்
சத்தமில்லாமல் இறங்கி,
நான் எழும்போது தலைமாட்டில் இருக்கிறது.

இப்போது ஏழாவது வளைவில் குரல் அறுவதில்லை.
"முகடுகளில் தாழ்மேகம் தங்கியிருக்கு" என்கிறார்.
நாங்கள் அதற்குள் இருக்கிறோம்.
மொக்கராசு மஞ்சள் விளக்கைப் போடுகிறான்.
ஒச்சம்மாள் கையை வெளியே நீட்டி
நனைந்த விரல்களைச் சேலையில் துடைக்கிறாள்.
அம்பத்தூருக்கு இது தெரியாது.

ஐப்பசியில் எனக்கு இருபது நாள் காய்ச்சல்.
ஜீப் இரண்டு நாள் ஹாரன் அடித்துவிட்டு
வேறு ஆளை ஏற்றிக்கொண்டது. தப்பில்லை.
மேகக் கணக்கு மட்டும்
வாரத்துக்கு ஒன்றாக வந்து
துக்க வீட்டு வாசல் செருப்பு மாதிரி
வரிசையாகக் கிடந்தது. மூன்று.

எழுந்து உட்கார்ந்த அன்று
முதலாவதைத் தொட்டேன்.
"வியாழக்கிழமை குடை எடுத்துக்கோங்க" என்றார்.
அந்த வியாழன்
பெய்து, வடிந்து,
கொடியில் என் துணிகூடக் காய்ந்தாகிவிட்டது.
இருந்தாலும் கேட்டேன்,
ஒவ்வொரு வாக்கியத்தின் வால் வரைக்கும்.

நடுவில் குக்கர்.
மூன்றாவது விசிலில்
எனக்குப் பசித்தது.